அம்மாவுக்கு அல்சைமர்: வயலை விற்றுப் புது மருந்துக்குப் போகலாமா?

அம்பை மகள்:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. கல்லிடைக்குறிச்சியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச காலமாக ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுவார். வயசானால் வருவதுதான் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆனித் தேரோட்டத்துக்குப் போன இடத்தில், சின்ன வயசிலிருந்து நடந்த ரத வீதியிலேயே எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுவிட்டார். அதற்கு அப்புறம் திருநெல்வேலியில் ஒரு நியூரோ டாக்டரிடம் காட்டினோம்.

எம்ஆர்ஐ எடுத்தார்கள். கேள்வி கேட்டு மார்க் போடும் நினைவாற்றல் சோதனையில் 30-க்கு 21. ஆரம்பக் கட்ட அல்சைமர் போலத் தெரிகிறது என்று டோனெபெசில் 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து குமட்டல், சோறு இறங்கவில்லை.

தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். "நோயையே நிறுத்துகிற ட்ரிப்ஸ் வந்துவிட்டது, இந்த மாத்திரையெல்லாம் பழசு, வயலை விற்றாவது போடுவோம்" என்று தினமும் போன் பண்ணுகிறான். கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைகிற வயல், அம்மா பேரில் இருக்கிறது. அந்த மருந்து உண்மையிலேயே என்ன செய்யும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துபாய் நெல்லைக்காரன்:
உங்கள் தம்பி சொல்வதுதான் சரி அக்கா. அந்த ட்ரிப்ஸ் மருந்துகளில் லெக்கனெமாப் 2023-லும் டோனனெமாப் 2024-லும் அமெரிக்காவில் அனுமதி வாங்கிவிட்டன. டோனனெமாபுக்கு 2025-ல் இந்தியாவிலும் அனுமதி கிடைத்துவிட்டது. ஒன்று 27 சதவீதம், இன்னொன்று 35 சதவீதம் நோயைக் குறைக்கிறது என்று படித்தேன். வயலை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். யோசித்துக்கொண்டே இருந்தால் காலம் போய்விடும்.

தென்காசி டாக்டர்:
நான் நரம்பியல் படித்தவன். நேரில் பார்க்காமல் உங்கள் அம்மாவுக்கு இதைக் கொடுங்கள், அதைக் கொடுங்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த 27 சதவீதம் என்ன என்பதை விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு எண்ணை நம்பித்தான் வீடுகளில் நகையும் நிலமும் கைமாறுகின்றன.

அல்சைமரில் மூளைக்குள் இரண்டு புரதங்கள் தப்பான இடத்தில் சேர்கின்றன. நரம்பு செல்களுக்கு வெளியே அமிலாய்டு படிவுகள், செல்களுக்கு உள்ளே டௌ முடிச்சுகள். 1906-ல் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்தது இவற்றைத்தான். புது மருந்துகள் இரண்டும் அமிலாய்டைப் பிடித்து அகற்றும் எதிர்ப்புரதங்கள். அகற்றுவது உண்மை. பெட் ஸ்கேனில் படிவு கரைவது கண்ணுக்கே தெரியும்.

நோயாளிக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால் கணக்கு வேறு. லெக்கனெமாப் ஆய்வில் 1,795 பேர், 18 மாதம். நினைவு, அன்றாட வேலை எல்லாவற்றையும் சேர்த்து 18 புள்ளி வரை போகும் ஓர் அளவுகோலில் அளந்தார்கள். புள்ளி ஏறினால் நோய் முற்றுகிறது என்று அர்த்தம். மருந்து போடாதவர்களுக்குச் சராசரியாக 1.66 ஏறியது, போட்டவர்களுக்கு 1.21 ஏறியது. வித்தியாசம் 0.45. அதைத்தான் 27 சதவீதம் என்கிறார்கள். இரண்டு பக்கமும் நோய் முன்னேறியது, ஒரு பக்கம் கொஞ்சம் மெதுவாக. போன நினைவைத் திருப்பிக் கொண்டுவருகிற மருந்து இல்லை இது. டோனனெமாபின் 35 சதவீதமும் இதே மாதிரிதான், அதுவும் டௌ அதிகம் சேராதவர்களில் கிடைத்த எண்.

இதை ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டவருக்குச் சில மாதங்கள் கூடுதலாகத் தன் வேலையைத் தானே பார்க்க முடிந்தால் அது பெரிய விஷயம். எத்தனையோ வருடம் ஒவ்வொரு மருந்தாகத் தோற்ற நோய் இது. நோயின் போக்கையே தொட்ட முதல் மருந்துகள் இவை, அதற்கான மதிப்பைக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆபத்தும் உண்டு. அமிலாய்டை அகற்றும்போது மூளையில் வீக்கமோ சின்னச் சின்ன ரத்தக்கசிவோ வரலாம். அந்த வீக்கம் லெக்கனெமாபில் நூற்றில் 12 பேர் போல, டோனனெமாபில் 24 பேர் போல. பெரும்பாலும் ஸ்கேனில் மட்டும் தெரிந்து தானே சரியாகிவிடும். சிலருக்குத் தலைவலி, குழப்பம், வலிப்பு. ஆய்வுகளில் இதனால் உயிர் போனவர்களும் இருக்கிறார்கள். அதனால் முதல் சில மாதங்களில் திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். ஏப்போ-ஈ 4 என்ற மரபணு அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் வந்திருந்தால் ஆபத்து கூடுதல்.

அம்பை மகள், ஒரு கேள்வி. அம்மா வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

அம்பை மகள்:
விளக்கமாகச் சொன்னதற்கு ரொம்ப நன்றி டாக்டர். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பல வருடமாக. பிரஷருக்கு ஒன்று. இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை என்று ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின். அப்புறம் உடம்பு அரிக்கிறது என்று ராத்திரி ஒரு அவில், அது மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்வது. தூக்கமும் வருகிறது என்று விடாமல் போடுகிறார்.

தென்காசி டாக்டர்:
வார்ஃபரின் என்றால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிட்டது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த எதிர்ப்புரத மருந்து போட்டால் மூளையில் பெரிய ரத்தக்கசிவு வரும் பயம் இருக்கிறது. ஐரோப்பாவில் அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று விதி. மருந்துக்காக வார்ஃபரினை நிறுத்தினால் பக்கவாதம் வரலாம். தம்பியிடம் இதை மட்டும் சொன்னால் போதும்.

பாளை மருந்தாளுநர்:
அந்த அவிலைப் பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது. மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ஒரு வேதிப்பொருள் இருக்கிறது, நினைவுக்கு அது வேண்டும். அல்சைமரில் அது குறைகிறது. இருப்பது சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்வதுதான் டோனெபெசிலின் வேலை. அவிலில் இருக்கும் ஃபெனிரமின் அதே அசிட்டைல்கோலினைத் தடுக்கிறது. ஒரே வாய்க்காலில் மேலே மடையைத் திறந்து கீழே அடைப்பது மாதிரி. சளி மாத்திரைகளில் வரும் குளோர்ஃபெனிரமினும் இதே வகை. சிறுநீர் அடக்க முடியாததற்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் அப்படித்தான். வயசானவர்களுக்கு இவை தனியாகவே குழப்பத்தைக் கொண்டுவரும். டாக்டரிடம் சொல்லி, அரிப்புக்கு மயக்கம் தராத வேறு மாத்திரை கேளுங்கள்.

கவுண்டரில் நின்றுகொண்டு நான் தினமும் பார்ப்பது இது. நியூரோ டாக்டர் ஒரு சீட்டு, சர்க்கரை டாக்டர் ஒரு சீட்டு, சீட்டே இல்லாமல் வாங்குவது நாலு. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஒரே டாக்டர் முன்னால் கொட்டுகிற வீடு ரொம்பக் குறைவு.

டோனெபெசில் குமட்டலுக்கு வழி இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்துப் பாருங்கள். பலருக்குச் சில வாரங்களில் உடம்பு பழகிவிடும். பழகவில்லையென்றால் ரிவாஸ்டிக்மின் பட்டையாகத் தோலில் ஒட்டுவது உண்டு, அதில் வயிற்றுத் தொந்தரவு குறைவு. நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

தென்காசி டாக்டர்:
மருந்தாளுநர் சொன்னது முக்கியம். கூட இரண்டு விஷயம். டோனெபெசில், ரிவாஸ்டிக்மின் இரண்டுமே இதயத் துடிப்பை மெதுவாக்கும். அம்மாவுக்கு ஏற்கெனவே துடிப்பில் கோளாறு இருப்பதால் ஈசிஜி எடுத்துப் பார்த்துத்தான் தொடர வேண்டும். மயங்கி விழுந்தால் உடனே சொல்லுங்கள். அடுத்து, மெட்ஃபார்மின் பல வருடம் எடுத்தால் பி12 குறையும், சைவச் சாப்பாடு மட்டும் என்றால் இன்னும் குறையும். பி12 குறைவும் தைராய்டு குறைவும் மறதி மாதிரியே காட்டும், இரண்டும் சரிசெய்யக்கூடியவை. பார்த்தார்களா?

அம்பை மகள்:
தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருந்தது. பி12 பார்த்த மாதிரி ரிப்போர்ட்டில் இல்லை. சுத்த சைவம்தான்.

களக்காட்டு அண்ணாச்சி:
மகளே, நான் படித்த டாக்டர் இல்லை, ஆனால் அம்பது வருஷமாகச் சித்த மருந்து சாப்பிட்டு வருகிறவன். நம்ம பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வல்லாரை மூளைக்கு நல்லது என்று காலங்காலமாகச் சொல்லி வந்தது வீணா? இங்கே யாருமே அதைப் பற்றிப் பேசவில்லையே என்றுதான் வருத்தம்.

தென்காசி டாக்டர்:
அண்ணாச்சி, வல்லாரைத் துவையல் சாப்பிடுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அல்சைமரை நிறுத்தும் என்று சொல்லும் அளவுக்கு அதை நிறையப் பேரிடம் வைத்துச் சோதிக்கவில்லை. பேர் பெற்ற இன்னொரு மூலிகையைச் சோதித்தார்கள். ஜிங்கோ. அமெரிக்காவில் 3,000 பேருக்கு மேல் வருடக்கணக்கில் கொடுத்து 2008-ல் முடிவு வெளியிட்டார்கள். மறதி நோயை அது தடுக்கவில்லை. அதே ஜிங்கோ வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரும் பயமும் இருக்கிறது. இந்த அம்மா விஷயத்தில் என் கவலை அதுதான். கல்லூரியில் படித்த சித்த மருத்துவரிடம் போனாலும் வார்ஃபரின் சாப்பிடுவதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். சந்தையில் பேர் இல்லாமல் விற்கும் பொடிகள் வேண்டவே வேண்டாம்.

களக்காட்டு அண்ணாச்சி:
சரி, அது நியாயம். கீரையாகக் கொடுக்கட்டும்.

துபாய் நெல்லைக்காரன்:
டாக்டர், வார்ஃபரின் விஷயம் எனக்குத் தெரியாது, புரிந்துகொண்டேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இந்த அம்மாவுக்கு முடியாது, சரி. நம் ஊரில் இருக்கிற மற்றவர்களுக்கு? நல்ல மருந்து வரும்போதெல்லாம் அது பணக்காரர்களுக்கும் பெரிய நகரத்துக்கும் என்று விட்டுவிடுவதா? எங்கள் பெரியப்பாவுக்கும் இதே நோய், அதனால்தான் இவ்வளவு கேட்கிறேன்.

தென்காசி டாக்டர்:
விட்டுவிடக் கூடாது. உங்கள் கோபம் எனக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் லெக்கனெமாபுக்கு நிர்ணயித்த விலை வருடத்துக்கு 26,500 டாலர், நம் காசில் 20 லட்சத்துக்கு மேல். ஸ்கேன், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் தனி. பிரிட்டனில் மருந்துக்கு அனுமதி கொடுத்தும், கிடைக்கும் பலனுக்கு இந்தச் செலவு தகாது என்று அவர்களுடைய அரசு மருத்துவத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்று 2025-ல் பரிந்துரைத்தார்கள்.

விலை நாளைக்கே பாதியாகக் குறைந்தாலும் நம் பக்கத்தில் இன்னொரு சுவர் நிற்கிறது. இந்த மருந்துகள் லேசான கட்டத்துக்கு மட்டும்தான். டோனனெமாப் ஆய்வில் அம்பை மகளின் அம்மா எழுதின அதே மாதிரி சோதனையில் 20 முதல் 28 வரை வாங்கியவர்களைச் சேர்த்தார்கள், லெக்கனெமாபில் 22-க்குக் குறைந்தால் சேர்க்கவில்லை. என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் 12, 10 என்று வருகிறார்கள். வீட்டை விட்டுக் காணாமல் போய், போலீஸ் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகு வருகிறார்கள். அதுவரை "வயசாச்சு, அப்படித்தான்" என்று இருந்திருப்பார்கள். அந்தக் கட்டத்தில் உலகத்தின் எந்த மூலையிலும் இந்த ட்ரிப்ஸ் போட மாட்டார்கள்.

நான் ஆவலோடு எதிர்பார்ப்பது ரத்தப் பரிசோதனையை. பி-டௌ 217 என்ற புரதத்தை ரத்தத்தில் அளந்து, மூளையில் அமிலாய்டு இருக்க வாய்ப்பு உண்டா என்று சொல்லலாம். இப்படி ஒரு பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள், அறிகுறி உள்ள, 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. பெட் ஸ்கேனும் முதுகுத் தண்டில் நீர் எடுப்பதும் இல்லாமல் ஒரு ஊசியில் தெரிந்தால், சேரன்மகாதேவியிலும் வள்ளியூரிலும் இருப்பவர்களுக்கும் நேரத்தோடு பதில் கிடைக்கும். மருந்தைவிட அதுதான் நம் ஊருக்கு முதலில் வர வேண்டும்.

மருந்திலும் அடுத்த தலைமுறை வருகிறது. டிரான்டினெமாப் என்று ஒன்று, ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும் தடையை இரும்புச்சத்து போகும் வழியாகவே தாண்டும்படி செய்திருக்கிறார்கள். ஆரம்ப ஆய்வுகளில் மூளை வீக்கம் 5 சதவீதத்துக்கும் கீழேதான் இருந்தது. மூன்றாம் கட்டம் 2025-ல் தொடங்கியது. முடிவு வரும்வரை நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். எடை குறைக்கும் ஊசி என்று பேசப்படும் செமாகுளூட்டைடு அல்சைமருக்கும் உதவும் என்று எவ்வளவு எதிர்பார்த்தார்கள்! 2025 நவம்பரில் இரண்டு பெரிய ஆய்வுகளும் தோற்றுவிட்டன.

முக்கூடல் பேரன்:
நான் பேசலாமா என்று தெரியவில்லை, எங்கள் ஆச்சிக்கு நோய் முற்றிய கட்டம். புது மருந்து எதுவும் எங்களுக்கு இல்லை. மெமான்டின் என்ற மாத்திரை மட்டும் கொடுக்கிறோம். அதைப் போட ஆரம்பித்த பிறகு எரிச்சல் கொஞ்சம் தணிந்த மாதிரி எங்களுக்குத் தோன்றுகிறது.

ஆச்சி வாழ்நாள் முழுக்க பீடி சுற்றினவள். இப்போது என் பேர் தெரியாது, அம்மாவைத் தன் அம்மா என்று நினைக்கிறாள். சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும், பீடி கணக்குக் கொடுக்கணும்" என்று வாசலுக்கு ஓடுவாள். என் மைனிதான் ஒரு நாள் சுளகை எடுத்து மடியில் வைத்து, வெட்டின இலையும் நூலும் கொடுத்தாள். தூள் கிடையாது, வெறும் இலை. உட்கார்ந்துவிட்டாள்! விரல் தானாக மடிக்கிறது, சுற்றுகிறது, கட்டுகிறது. இப்போது தினமும் அந்த நேரத்துக்குச் சுளகு வந்துவிடும்.

டாக்டர், பேரெல்லாம் போன பிறகும் கைக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

தென்காசி டாக்டர்:
தம்பி, நீங்கள்தான் கட்டாயம் பேச வேண்டும். இந்த நோய் பொதுவாக முதலில் தாக்குவது ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை, புது நினைவு பதிவாகிற இடம் அது. அதனால்தான் காலையில் சாப்பிட்டது மறக்கும். கைப்பழக்கம் மூளையின் வேறு பகுதிகளில் தங்குகிறது, அவை ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். பத்தமடையில் பாய் நெய்தவருக்குக் கோரையைக் கொடுங்கள், பூ கட்டினவருக்கு நாரையும் பூவையும் கொடுங்கள். உங்கள் மைனி செய்தது அருமையான வைத்தியம்.

மேலப்பாளையம் தங்கை:
எங்கள் வாப்பாவுக்கு ராத்திரிதான் பிரச்சினை. தூங்க மாட்டார், சத்தம் போடுவார், அடிக்கக் கை ஓங்குவார். தூங்குவதற்கு என்று ஓரிடத்தில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த நாள் முழுக்க எழுந்திருக்கவே இல்லை, நடை தள்ளாடியது. பயந்து போய்விட்டோம்.

தென்காசி டாக்டர்:
அது மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரை வகையாக இருக்கலாம், சீட்டை மறுபடி காட்டி விசாரியுங்கள். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு அந்த வகை மாத்திரைகள் இறப்பு ஆபத்தைக் கூட்டும் என்று அமெரிக்காவில் மருந்தின் குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போடுகிறார்கள். அவருக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து என்ற நிலையில், குறைந்த அளவில், கொஞ்ச நாளைக்கு மட்டும் கொடுக்க வேண்டியது. பிரெக்ஸ்பிபிரசோல் என்ற மருந்துக்கு இந்தக் கொந்தளிப்புக்காகவே 2023-ல் அங்கே அனுமதி கிடைத்தது, அதற்கும் அதே எச்சரிக்கைதான்.

முதலில் பார்க்க வேண்டியது மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, எங்காவது வலி. சொல்லத் தெரியாதவர்கள் சத்தம் போட்டுத்தான் சொல்வார்கள். திடீரென்று இரண்டு மூன்று நாளில் குணம் மாறியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

மேலப்பாளையம் தங்கை:
மலச்சிக்கல் இருக்கிறது டாக்டர். நாலு நாளாக. இதை யாருமே கேட்கவில்லை. நாளைக்குக் காலையிலேயே கூட்டிப் போகிறோம்.

பாளை மருந்தாளுநர்:
காது கேட்கிறதா என்பதையும் எல்லோரும் பாருங்கள். மறதி என்று நினைப்பதில் பாதி, சொன்னது காதில் விழாததாகவே இருக்கலாம். லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் 14 காரணிகளைப் பட்டியலிட்டது, அவற்றைச் சரிசெய்தால் உலகத்தில் 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று. காது மந்தம், சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகை, தனிமை, கண் பார்வைக் குறைவு எல்லாம் அதில் இருக்கின்றன. பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நாற்பது வயதில் பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டுத் திரிகிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, வாங்கிச் சாப்பிட வேண்டும்.

அம்பை மகள்:
எல்லோர் சொன்னதையும் தம்பிக்கு அப்படியே அனுப்பினேன். வார்ஃபரினைப் படித்ததும் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் வயலை விற்க வேண்டாம் என்று அவனே சொன்னான். குத்தகைப் பணத்தில் பகலில் அம்மாவுடன் இருக்க ஓர் ஆள் போடலாம், மீதியைத் தான் அனுப்புகிறேன் என்றான். அம்மாவுக்கு இன்னும் விவரம் புரிகிறது, அதனால் பென்ஷன், வங்கி, வயல் எதை யார் பார்ப்பது என்று அவர் வாயாலேயே கேட்டு எழுதி வைக்கப்போகிறோம்.

பி12 ரிப்போர்ட் வந்தது, ரொம்பக் குறைவு. ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். இதனால் மறதி முழுக்கப் போய்விடாது, ஆனால் கொஞ்சம் தெளியலாம் என்றார் டாக்டர். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு ரிவாஸ்டிக்மின் பட்டை எழுதியிருக்கிறார், சின்ன அளவு. அவிலை நிறுத்தச் சொல்லிவிட்டார். பட்டையை எப்படி ஒட்டுவது?

பாளை மருந்தாளுநர்:
தினமும் ஒரே நேரத்தில், குளித்துத் துடைத்த பிறகு. முதுகு, மேல் கை, நெஞ்சு, ஏதாவது ஓர் இடம். அவராகப் பிய்த்துவிடுவார் என்றால் முதுகுதான் நல்லது. எண்ணெய், பவுடர், கிரீம் அங்கே கூடாது. உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஒட்டின இடத்திலேயே அடுத்த 14 நாள் ஒட்டக் கூடாது, தோல் சிவந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: பழைய பட்டையை எடுத்த பிறகுதான் புதியது. இரண்டு மூன்று பட்டை உடம்பில் சேர்ந்துவிட்டால் மருந்து அளவு கூடி வாந்தி, துடிப்புக் குறைவு, மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் எந்த இடம் என்று எழுதிவையுங்கள், பகலில் வருகிற ஆளும் பார்த்துத் தெரிந்துகொள்வார். எடுத்ததை ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள். ஒருவேளை மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் நீங்களாகத் திரும்ப ஒட்டாதீர்கள், டாக்டரிடம் கேட்டு மறுபடி சின்ன அளவில் தொடங்க வேண்டும்.